தீனி தின்னும், எடை ஏறாது: வெண்பன்றிப் பண்ணையில் குடற்புழு



கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் வெண்பன்றி வளர்ப்பவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு குறை சீக்கிரமே வந்து விழும். “தீனி நல்லாத்தானுங்க எடுக்குது. ஒடம்புதான் ஏற மாட்டேங்குது.” காரணங்களையும் அவரே அடுக்குவார். குட்டி வாங்கின இடம் சரியில்லை, வெயில் அதிகம், ஓட்டல் கழிவில் சத்து இல்லை. குடற்புழு அந்த வரிசையில் கடைசியில் வரும். சில நேரம் வராமலே போகும். யாராவது கேட்டால், “அதுக்குத்தான் போன மாசமே ஊசி போட்டாச்சுங்களே” என்று பேச்சு முடிந்துவிடும். இன்றைய சொற்பொழிவு அந்த ஊசிக்குப் பிறகு பட்டியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

கொங்கு நாடு கோழிக்குப் பேர்போனது. நாமக்கல் முட்டையும் பல்லடம் பிராய்லரும் இந்தியா முழுக்கத் தெரியும். கோழிப் பண்ணையில் எந்த நாளில் எந்த மருந்து, எந்த வாரத்தில் எவ்வளவு எடை என்று குறிப்பேடு வைத்து வளர்த்த ஊர் இது. அதே ஊரில் பன்றி வளர்ப்பு மட்டும் இன்னும் கைக்கணக்கில்தான் நடக்கிறது. ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் ஆகியவற்றின் மிச்சச் சோறு விடிகாலையில் டிரம்களில் வண்டியேறும். சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி கிடைக்கும். தவிடு கொஞ்சம் சேரும். இவற்றைத் தின்று லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் கலப்புப் பன்றிகள் வளர்கின்றன. சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பன்றி இன ஆராய்ச்சி நடத்துகிறது. அங்கே உருவான ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ பன்றியை இந்தப் பக்கத்துப் பண்ணையாளர்களும் அறிவார்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 தாய்ப்பன்றி, 10 ஆண் பன்றி கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு 50 சதவீத மானியம், 30 லட்சம் ரூபாய் வரை, உண்டு. தொழில் பெரிதாகிறது. தொழில் பெரிதானால் புழுவுக்கும் இடம் பெரிதாகும் என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் காசுக் கணக்கு. பன்றிப் பண்ணைச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தீவனம். ஒரு குட்டி 90 கிலோ எடைக்கு வர அடர்தீவனம் 300 கிலோ தின்பதாக வைத்துக்கொள்வோம். புழுவால் அதில் பத்தில் ஒரு பங்கு வீணானால் 30 கிலோ போயிற்று. 50 பன்றி உள்ள பட்டியில் அது ஒன்றரை டன். பன்றி சாகவில்லை, இருமித் துடிக்கவில்லை, தீனியை ஒதுக்கவில்லை. பட்டியில் எல்லாம் சரியாகவே இருப்பதுபோலத் தெரியும். பதினைந்து நாள் தாமதமாக விற்பனைக்கு வரும், அவ்வளவுதான். கணக்கு எழுதாத பண்ணையில் இந்த நஷ்டம் எந்தப் பக்கத்திலும் பதிவாகாது. ஓட்டல் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வண்டி வாடகையும் ஆள் கூலியும் மலிவாக இல்லை.

இதைச் செய்யும் புழுக்களில் தலையானது உருண்டைப்புழு. அறிவியல் பெயர் அஸ்காரிஸ் சூவம். ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை நிறம். பன்றியின் சிறுகுடலில் வாழும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை இடும் என்பது பாடநூல்கள் சொல்லும் குறைந்த கணக்கு. அந்தக் கணக்கில் ஒரே ஒரு புழு ஒரு மாதத்தில் 60 லட்சம் முட்டைகளைத் தரையில் சேர்த்துவிடும்.

முட்டை சாணத்தோடு விழுந்த அன்றே நோய் தராது. அதற்குள் இளம்புழு உருவாக 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் மூன்று, நான்கு வாரம் ஆகும். 15 டிகிரிக்குக் கீழே இந்த வளர்ச்சி நின்றுவிடும். ஐரோப்பியப் பண்ணையில் குளிர்காலம் வந்தால் வெளியே கிடக்கும் முட்டைக்கு ஓய்வு. கோவையில் அப்படி ஓய்வு கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மிதமான வெயிலும் மனிதருக்கு எவ்வளவு இதமோ, கொட்டகை நிழலில் ஈரமாகக் கிடக்கும் முட்டைக்கும் அவ்வளவு இதம். ஆண்டு முழுவதும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

பன்றி மூக்கால் தரையைக் கிளறும், நக்கும், சாணத்தையே தின்னும். முட்டை உள்ளே போகிறது. பிறகு நடப்பது விசித்திரமான பயணம். குடலில் பொரிந்த இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல். ஒரு வாரத்துக்குள் நுரையீரலைத் துளைத்து மூச்சுக்குழாய்க்கு வந்து, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடியும் சிறுகுடலுக்கே வந்து சேர்கிறது. அங்கே வளர்ந்து முட்டையிட, முட்டை உள்ளே போன நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

குடலில் பொரிந்தது குடலிலேயே இருந்துவிடாமல் ஏன் இப்படி ஊர் சுற்றுகிறது என்பது விஞ்ஞானிகளையும் குழப்பியது. இந்தப் பாதையை முதலில் கண்டவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த கேப்டன் எஃப். எச். ஸ்டீவர்ட். 1916-இல் ஹாங்காங்கில் எலிகளுக்கு முட்டை கொடுத்துப் பார்த்தவர், அவற்றின் நுரையீரலில் இளம்புழுக்களைக் கண்டார். எலிதான் இடைத்தங்கல் விலங்கு என்று அவர் முதலில் முடிவுகட்டியது பின்னால் திருத்தப்பட்டது. நுரையீரல் பாதை மட்டும் உண்மை என்று நிலைத்தது. 1922-இல் ஜப்பானிய மருத்துவர் ஷிமேசு கொய்னோ மனித உருண்டைப்புழுவின் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கினார். சில நாளில் கடும் நிமோனியா. சளியில் இளம்புழுக்கள். ஐம்பது நாளுக்குப் பிறகு பூச்சி மருந்து குடித்தபோது வெளியே வந்த புழுக்கள் 667. தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிய அந்த மனிதரால்தான் “இருமலும் புழுவின் அறிகுறி” என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பன்றியின் புழு மனிதரைத் தொடாது என்று நினைப்பவர்கள் கனடாவில் நடந்ததைக் கேட்க வேண்டும். 1970-இல் மாண்ட்ரியல் அருகே ஒரு கல்லூரி மாணவர், உடன் தங்கியிருந்தவர்களின் உணவில் பன்றி உருண்டைப்புழுவின் முட்டைகளைக் கலந்துவிட்டார். நான்கு பேர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1972-இல் அந்தச் சம்பவம் மருத்துவ இதழில் வெளியாகி உலகம் முழுவதும் பாடமானது. பட்டியில் வேலை பார்க்கும் ஆளும், பட்டியோரம் விளையாடும் குழந்தையும் கை கழுவாமல் சாப்பிட்டால் ஆபத்து நிஜமானது.

இந்தப் பயணத்தைப் பண்ணையாளர் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, அது ஈரல். இளம்புழு துளைத்துப் போன இடத்தில் ஈரல் தழும்பு கட்டும். அறுத்த பன்றியின் கருஞ்சிவப்பு ஈரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மேல்தோலில் பால் தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒரு சென்டிமீட்டர் அகலம், ஓரம் கலங்கியிருக்கும், விரலால் தேய்த்தாலும் போகாது. புது முட்டை உள்ளே போகாவிட்டால் இந்தத் தழும்பு ஐந்தாறு வாரத்தில் ஆறிவிடும். அப்படியானால் ஆறு மாதப் பன்றியின் ஈரலில் புள்ளி இருந்தால் என்ன பொருள்? இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது போட்ட ஊசி வேலை செய்ததா இல்லையா என்பதே இங்கே கேள்வி இல்லை. கடந்த ஒன்றரை மாதத்துக்குள் அந்தப் பன்றி தரையிலிருந்து முட்டையைத் தின்றிருக்கிறது என்று ஈரல் சொல்கிறது. குற்றவாளி தரை.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஊசி குடலில் உள்ள புழுவைக் கொல்லும். தரையில் கிடக்கும் கோடிக்கணக்கான முட்டையை எந்த ஊசியும் தொடாது. ஊசி போட்ட மறுநாளே பன்றி அதே தரையை நக்குகிறது. அடுத்த இரண்டு மாதத்தில் புழு மறுபடியும் வளர்ந்து நிற்கிறது. பண்ணையாளர் மருந்து கம்பெனியைத் திட்டுகிறார்.

மற்ற புழுக்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு வாழும் சாட்டைப்புழு வளரும் பன்றிக்கு இரத்தமும் சளியும் கலந்த கழிச்சலைத் தரும். அதுவும் முட்டையாகப் பல ஆண்டு தரையில் காத்திருக்கும். பெருங்குடல் சுவரில் சிறு கட்டிகளை உண்டாக்கும் முடிச்சுப்புழு தாய்ப்பன்றியை மெலிய வைக்கும். ஈன்ற பிறகு எலும்பு தெரிய நிற்கும் தாய்க்குப் பால் கொடுத்தது மட்டும் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற சிறுபுழு தாயின் சீம்பால் வழியாகவே குட்டிக்குப் போகும். திறந்தவெளியில் சாண வண்டு தின்னும் பன்றிகளுக்கு முள்தலைப்புழு வரும். சிமெண்டுத் தரைப் பண்ணையில் அது அரிது.

குட்டிகளின் இன்னொரு நோயைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பிறந்த ஒன்று, இரண்டு வாரக் குட்டிகள் மஞ்சளாக, பசைபோல, புளித்த நாற்றத்தோடு கழியும். தாய்ப்பாலில் கோளாறு என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், நிற்காது. புழு மருந்தும் கொடுப்பார்கள், அதற்கும் நிற்காது. இது புழுவே இல்லை. சிஸ்டோஐசோஸ்போரா சூயிஸ் என்ற ஓரணு உயிரி, கோழிப் பண்ணையாளர் நன்றாக அறிந்த இரத்தக் கழிச்சல் கிருமியின் உறவுக்காரன். அதற்கு வேறு மருந்து, வேறு கணக்கு. பன்றிக்குடலில் சாதாரணமாக வாழும் பாலண்டிடியம் என்ற இன்னொரு ஓரணு உயிரி மனிதருக்கும் வயிற்றுக்கடுப்பைத் தரக்கூடியது. கழிச்சலுக்கெல்லாம் ஒரே மருந்து என்று பெட்டியில் வைத்திருப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் குட்டிகளே சாட்சி.

அப்படியானால் எந்தப் புழு என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாணப் பரிசோதனைதான் வழி. கோவை, நாமக்கல் வட்டாரத்தில் இதற்கு வசதி இருக்கிறது. 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியல் துறையே உண்டு. சோதனையின் எளிமை பலருக்கும் வியப்பாக இருக்கும். பன்றி போட்ட சூட்டோடு எடுத்த சாணம் 4 கிராம். அதில் நிறைவுற்ற உப்புக் கரைசலை ஊற்றி 60 மில்லிக்குக் கொண்டுவந்து கலக்கி, தேநீர் வடிகட்டி போன்ற ஒன்றில் வடிகட்டுவார்கள். உப்புநீரின் அடர்த்தியில் முட்டைகள் மேலே மிதக்கும். அதை மெக்மாஸ்டர் ஸ்லைடு என்ற கோடு போட்ட கண்ணாடி அறைக்குள் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆய்வகத்தில் கார்டன், விட்லாக் என்ற இருவர் 1939-இல் எழுதிவைத்த முறை, இன்றும் அதேதான். இரண்டு அறையிலும் சேர்த்து 12 முட்டை தெரிந்தால் 50-ஆல் பெருக்கி, ஒரு கிராம் சாணத்தில் 600 முட்டை என்று கணக்கு. உருண்டைப்புழு முட்டை பழுப்பு நிறத்தில், மேலோடு சொரசொரப்பாக இருக்கும். சாட்டைப்புழு முட்டைக்கு இரண்டு முனையிலும் அடைப்பு இருக்கும். ஒரு தடவை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இதில் ஒரு நுணுக்கம். பன்றி சாணம் தின்னும் பிராணி என்பதால், தரையில் தின்ற முட்டையே அப்படியே குடல் வழியாக வெளியே வந்து சோதனையில் தெரியலாம். கிராமுக்கு 200-க்கும் குறைவாக வந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, புழு எல்லாப் பன்றியிலும் சமமாக இருப்பதில்லை. பத்தில் இரண்டு, மூன்று பன்றிதான் பட்டியின் பெரும்பாலான புழுவைச் சுமக்கும். ஒரே பன்றியின் சாணத்தை எடுத்துப் போய் “சுத்தமா இருக்குதுங்க” என்று திரும்புவதில் பயன் இல்லை. வயதுவாரியாகப் பல பன்றிகளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

மருந்து இல்லாமல் முடியாது, அதுவும் உண்மை. ஐவர்மெக்டின் ஊசியைப் பன்றிக்குக் கிலோ எடைக்கு 300 மைக்ரோகிராம் என்ற அளவில் தோலுக்கடியில் போடுகிறார்கள். சிரங்கையும் அது பார்த்துக்கொள்கிறது. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிரியில் பிறந்த இந்த மருந்துக்காக அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சாட்டைப்புழுவிடம் ஐவர்மெக்டின் நம்பகமாக வேலை செய்வதில்லை. அங்கே பென்பெண்டசோலைச் சில நாள் தொடர்ந்து தீவனத்தில் கொடுக்க வேண்டிவரும். எந்த மருந்தானாலும் எடை பார்க்காமல் கண்ணளவில் போடுவது கெடுதல். அளவு குறைந்தால் தாங்கும் புழு மட்டும் தப்பிப் பெருகும். டென்மார்க் பன்றிகளில் முடிச்சுப்புழு மருந்துக்கு அசையாமல் நின்றதை 1980-களிலேயே கண்டார்கள். தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் வயிற்றுப்புழு பென்பெண்டசோலுக்கு மசியாத நிலை பதிவாகியிருக்கிறது. மேச்சேரி ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும். பன்றியிலும் அதே பாதையில் போகாமலிருக்க வேண்டும். ஊசி போட்ட பன்றியை லேபிளில் சொன்ன நாள் கழியும்முன் அறுக்கவும் கூடாது. கறி வாங்குகிறவருக்கு அந்த மருந்து தேவையில்லை.

ஊசி போட மிகப் பயனுள்ள நேரம் எது என்றால், சினைத் தாய் ஈனுவதற்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு முன். மருந்து கொடுத்து, சோப்புத் தண்ணீரால் மடி, வயிறு, குளம்பு எல்லாம் தேய்த்துக் கழுவி, கழுவிக் காய்ந்த ஈற்றுக் கொட்டிலுக்கு மாற்ற வேண்டும். குட்டி முதல் வாய்ப் பால் குடிக்கும்போது மடியில் ஒட்டியிருக்கும் முட்டையையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. தாயை ஒருமுறை குளிப்பாட்டும் அரைமணி நேரம் அந்த ஈத்துக் குட்டிகளுக்குச் செய்யும் நன்மை பெரிது. இதைப் பலர் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

அடுத்தது தரை. சிமெண்டுத் தரையில் முட்டை ஒட்டிக்கொள்ளும்; அதன் மேலோடு பிசுபிசுப்பானது. சுண்ணாம்பு தெளிப்பதாலோ பினாயில் ஊற்றுவதாலோ சாகாது. காய்ச்சிய வெந்நீர், நீராவி, முழு உலர்வு, நேர் வெயில், இவைதான் அதைக் கொல்லும். கோவைப் பண்ணையாளருக்கு இயற்கை கொடுத்த வசதி ஒன்று உண்டு. மழை மறைவுப் பகுதி இது. ஆண்டில் பல மாதம் காய்ந்த வெயில். ஒரு தொகுதி பன்றிகளை விற்றதும் கொட்டிலைக் காலிசெய்து, சாணத்தைச் சுரண்டி, வெந்நீரால் அடித்துக் கழுவி, கூரையோரத் தட்டியை விலக்கி இரண்டு வாரம் வெயில் பட விட்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் நிப்பிளுக்கு அடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் அந்த முழ இடத்தில்தான் மீதிப் பாதி. அங்கே சரிவு கொடுத்துத் தண்ணீர் ஓட வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

சாணத்தைத் தோட்டத்துக்குப் பச்சையாகக் கொட்டுவது நிற்க வேண்டும். குவித்து மட்கவைத்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி, புரட்டிப் போட்டு மறுபடியும் சூடேறினால்தான் முட்டை சாகும். சாண எரிவாயுக் கலன் வழியாக வந்துவிட்டாலே சுத்தம் என்று எண்ணுவதும் தவறு. அந்த மிதமான வெப்பத்தில் முட்டை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கீரையும் வெங்காயமும் விளையும் வயலில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஓட்டல் கழிவு பற்றி ஒரு வார்த்தை. குடற்புழு பெரும்பாலும் அதில் வருவதில்லை. ஆனால் கழிவில் கலந்த பச்சை இறைச்சித் துண்டில் அதைவிடக் கொடியது வரும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாசலத்தில் நுழைந்து, 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. கேரளம் வெளிமாநிலப் பன்றிகளுக்குத் தடை போட்டது. வாளையாறு எல்லை தாண்டி விற்றுப் பழகிய கோவைப் பண்ணைகளுக்கு அது நேரடி அடி. 2023 தொடக்கத்தில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளிலும் அந்நோய் உறுதியானது. மிச்சச் சோற்றை 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்துத்தான் போட வேண்டும் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் வரையறை. விறகுச் செலவு ஆகும். பட்டியையே இழப்பதோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

இனி, இந்தச் சொற்பொழிவின் மிகக் கனமான பகுதி. பன்றி நாடாப்புழு, டீனியா சோலியம்.

இந்தப் புழு முழு வளர்ச்சியோடு வாழ்வது மனிதக் குடலில். அதன் முட்டை மனித மலத்தில் வெளியேறும். திறந்தவெளியில் மலம் கழித்தால் அலையும் பன்றி அதைத் தின்னும். பன்றியின் தசையில் ஜவ்வரிசி அளவுக்கு வெள்ளைக் கொப்புளங்கள் உண்டாகும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்கிறவர் குடலில் நாடாப்புழு வளரும். இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த பகுதி. நாடாப்புழு உள்ளவரின் கையிலிருந்து முட்டை சாப்பாட்டிலோ தண்ணீரிலோ கலந்தால், அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில், மூளையில், பன்றிக்கு வந்த அதே கொப்புளம் உண்டாகும். வலிப்பு வரும். பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாதவருக்கும் வரும். நியூயார்க்கில் 1990–91-இல் பன்றி இறைச்சியையே விலக்கிய யூதக் குடும்பங்களில் இந்த வலிப்பு வந்தது; வீட்டு வேலைக்கு வந்தவர் வழியாகப் புழுவின் முட்டை சேர்ந்ததாகக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தினரின் 450 நோயாளிகளைப் பற்றி 1961-இல் வெளியான அறிக்கையில், பெரும்பாலோர் இந்தியாவில் பணியாற்றித் திரும்பியவர்கள்.

தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேலூரில் எழுதப்பட்டது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வந்தவர்களின் மூளையில் சின்ன வளையம் ஒன்று தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது வழக்கம். சி.எம்.சி. மருத்துவமனை நரம்பு அறுவை மருத்துவர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுக் கொப்புளங்கள் என்று 1990-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். எத்தனை பேர் தேவையில்லாத மருந்திலிருந்து தப்பினார்கள் என்பதை நினைத்தால் அந்த ஆய்வின் அருமை புரியும். பின்னர் வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் வீடுவீடாகப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தக் கொப்புளம்.

கொட்டிலில் கட்டி வளர்க்கும் வெண்பன்றிக்கு இந்த நோய் வருவது அரிது. மனித மலம் அதன் வாய்க்கு எட்டாதவரை. அதனால்தான் பண்ணையில் வேலை செய்பவருக்குக் கழிப்பறை வேண்டும். சோப்பும் தண்ணீரும் வேண்டும். வடக்கிலிருந்து வந்தவரா உள்ளூர்க்காரரா என்பது இங்கே கேள்வியே இல்லை. பண்ணை முதலாளி கழிப்பறை கட்டிக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. பண்ணையில் எல்லோரும் ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பன்றிகளுக்கு டிஎஸ்ஓஎல்18 என்ற தடுப்பூசியை ஆஸ்திரேலியாவின் மார்ஷல் லைட்டௌலர்ஸ் குழு உருவாக்கியது. அதைத் தயாரிப்பது ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலாஜிக்கல்ஸ் நிறுவனம். நம் நாட்டிலேயே தயாராகும் மருந்து, அலையும் பன்றிகள் உள்ள வட்டாரங்களில் பயன்பட வேண்டும். கறி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது சிறிது: உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அது விளையாடும் மண்ணைச் சுத்தம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்கும் தாய்மாருக்கும் தெரியும். பன்றிக்கும் கணக்கு அதேதான்.

இங்கிலாந்தில் 2005-இல் தொடங்கிய பன்றி நலத் திட்டத்தில், இறைச்சிக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்த ஈரல் புள்ளிகளின் கணக்கு அந்தந்தப் பண்ணைக்கே திரும்பிப் போனது. நம் பக்கம் பன்றியை உயிரோடு விற்றுக் காசை வாங்கியதும் உறவு முடிகிறது. ஈரலைப் பார்ப்பவர் கறிக்கடைக்காரர். அவர் புள்ளியுள்ள துண்டை வெட்டி ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். தகவல் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த ஒரு இடைவெளியை அடைக்க அரசாணை தேவையில்லை, மானியம் தேவையில்லை.

கறிக்கடை நண்பர்களுக்கு வேண்டுகோள்: வெள்ளைப் புள்ளியுள்ள ஈரலைக் கண்டால், அந்தப் பன்றி எந்தப் பண்ணையிலிருந்து வந்ததோ அவருக்கு ஒரு போன் செய்யுங்கள், முடிந்தால் ஒரு படம் அனுப்புங்கள். பண்ணையாளர்களுக்கு வேண்டுகோள்: அந்தச் செய்தி வந்தால் மறு ஊசிக்கு ஓடாமல், முதலில் பத்துப் பன்றியின் சாணத்தைத் தனித்தனிப் பையில் எடுத்து, வயதை எழுதி ஒட்டி, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ நாமக்கல் கல்லூரிக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வரும்வரை தண்ணீர் நிப்பிளுக்கு அடியில் கிடக்கும் ஈரச் சாணத்தைச் சுரண்டி எடுங்கள்.